டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு மூளை

‘ஈசிஎம் போச்சு சார்.’

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர் வயிற்றில் புளியைக் கரைக்க இந்த மூன்று வார்த்தை போதும். பிரேக் போச்சு என்றால் புரியும். கிளட்ச் போச்சு என்றால் புரியும். இது என்ன கர்மம், ஈசிஎம்?

மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியிலோ, பானெட்டுக்குள் ஒரு மூலையிலோ கையை விட்டு ஓர் அலுமினியப் பெட்டியைக் கழற்றிக் காட்டுவார். டிபன் பாக்ஸ் சைஸ். ஒரு பக்கம் வரிசையாகக் கம்பிகள் சொருகும் இடம். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. அவ்ளோதான். இரண்டு டன் இரும்பு நகருமா, நகராதா என்று முடிவு செய்கிற சமாசாரம் அதுதான். எஞ்சினுக்கு எத்தனை துளி பெட்ரோல், எந்த நொடியில் பொறி, ஐடிலிங்கில் எவ்வளவு வேகம், எல்லாம் அந்தப் பெட்டியின் உத்தரவு. பெட்டி செத்தால் வண்டி பிணம். எஞ்சின் கல்லு மாதிரி நன்றாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வஸ்து காரில் கிடையாது. ஒரு ஸ்க்ரூடிரைவரும் நல்ல காதும் இருந்தால் மரத்தடி மெக்கானிக்கே எஞ்சினைப் பாட வைத்துவிடுவார். பிறகு ஏன் இந்தப் பெட்டி உள்ளே வந்தது? வேகத்துக்கா? மைலேஜுக்கா? இரண்டும் இல்லை.

புகை. அதுவும் ஒரு குறிப்பிட்ட ஊரின் புகை.

1943ம் வருடம், ஜூலை மாதம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வந்து உட்கார்ந்தது. கண் எரிகிறது. மூக்கில் தண்ணீர் கொட்டுகிறது. நாலு தெரு தள்ளி இருக்கிற கட்டடம் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். பேர்ல் ஹார்பர் அடி இன்னும் ஆறவில்லை. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் அலறினார்கள். பிறகு ஊருக்குள் இருந்த செயற்கை ரப்பர் சம்பந்தப்பட்ட ஒரு தொழிற்சாலைமேல் பழி விழுந்தது. அதைக் கொஞ்ச நாள் மூடிக்கூடப் பார்த்தார்கள். படலம் அசரவில்லை. வருடாவருடம் வந்தது.

யார் காரணம் என்று கண்டுபிடித்தவர் ஒரு அன்னாசிப்பழ ஆராய்ச்சியாளர். நிஜமாகத்தான். ஹாலந்தில் பிறந்த ஆரி ஹாகன் ஸ்மிட், கால்டெக் பேராசிரியர். அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு எந்தெந்த ரசாயனம் காரணம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அதே முறையில் ஊர்க்காற்றைப் பிடித்துக் குளிரவைத்துப் பிரித்துப் பார்த்தார். எரியாமல் தப்பிவரும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வெந்து ஓசோனாகிறது, கண்ணெரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று 1950களின் ஆரம்பத்தில் சொன்னார். பெட்ரோல் ஆவி எங்கிருந்து? சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து. அப்புறம், கார்களிலிருந்து.

அமெரிக்காவில் போய்க் காரைக் குற்றம் சொன்னால் சும்மா விடுவார்களா? எண்ணெய் கம்பெனிகள் அவருடைய ஆராய்ச்சியே தப்பு என்றன. கார் கம்பெனிகள் கேட்டுக்கொண்டன, தலையாட்டின, ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுகூட மரியாதையான வார்த்தை. புகையைக் குறைக்கும் கருவிகள் சந்தைக்கு வராமல் இவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசித் தாமதப்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க அரசின் நீதித்துறையே 1969 ஜனவரியில் பெரிய கார் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டது. அந்த வருடத்துக்குள்ளேயே சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

1970 டிசம்பர் கடைசி நாள். அதிபர் நிக்ஸன் கையெழுத்தில் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. செனட்டர் எட்மண்ட் மஸ்கி பிடிவாதமாக நின்று கொண்டுவந்த சட்டம். புகையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கெஞ்சுகிற ஜாதி இல்லை. கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் ஆவியும் 1975 மாடலுக்குள் 90 சதவீதம் குறைய வேண்டும். எப்படி? அது உங்கள் பாடு. அந்த வேலையைச் செய்யும் தொழில்நுட்பம் அன்றைக்குக் கையில் இல்லை என்று தெரிந்தேதான் சட்டம் போட்டார்கள். கெடுவைத் தள்ளிப் போடச் சொல்லிக் கம்பெனிகள் அழுது புரண்டன. கொஞ்சம் தள்ளியும் போட்டார்கள். ஆனால், கத்தி கழுத்திலேயேதான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், நானும் பி.காம்.தான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். வரவும் செலவும் மாதிரி. டேலி ஆகவேண்டும். பெட்ரோல் கூடினால் எரியாத மிச்சம் புகையாகப் போகும். காற்று கூடினால் வேறு தொல்லை. கார்புரேட்டர் என்ன செய்யும்? உத்தேசமாகக் கலக்கும். மளிகைக் கடை நோட்டுக் கணக்கு. குளிர்ந்தால் ஒரு விகிதம், மலை ஏறினால் ஒரு விகிதம், ஜெட்டில் தூசி அடைத்தால் இன்னொரு விகிதம். வண்டி ஓடும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

புகைக்குழாயில் வைக்கிற கேடலிட்டிக் கன்வெர்ட்டர் 1975ல் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது. பிளாட்டினம் வகையறா உலோகம் பூசிய சல்லடை. இரண்டு விஷங்களை அது எரித்துவிடும். மூன்றாவதான நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து அழிக்கவேண்டுமானால் ஒரு நிபந்தனை. உள்ளே போகும் கலவை அந்த 14.7ஐ ஒட்டியே, நொடிக்கு நொடி, இம்மி பிசகாமல் நிற்கவேண்டும். உத்தேசக் கணக்குக்காரரான கார்புரேட்டருக்கு இது ஆகிற காரியமா?

ஆகாது. ஒரு ஆடிட்டர் தேவைப்பட்டார்.

அந்த ஆடிட்டரை உருவாக்கும் முயற்சி, சட்டமெல்லாம் வருவதற்கு முன்பே ஒருமுறை நடந்து, படுதோல்வி அடைந்திருந்தது. பெண்டிக்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. 1957ல் எலக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் ஒரு மின்னணுப் பெட்டியை அறிவித்தார்கள். பெட்ரோலை ஊசிபோலப் பீய்ச்சும் இஞ்செக்டர்களை அந்தப் பெட்டி திறந்து மூடும். கார்புரேட்டருக்கு வேலையே இல்லை. கிறைஸ்லர் ஆசைப்பட்டு 1958 மாடலில் அதைப் பொருத்தி விற்றது. டிரான்சிஸ்டர் பிறந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. எஞ்சின் சூட்டையும் குலுக்கலையும் தாங்கும் உதிரி பாகங்கள் அன்றைக்கு இல்லை. வண்டிகள் மக்கர் செய்தன. விற்றதே சுமார் 35 கார்கள். அதிலும் பெரும்பாலானவற்றைத் திரும்ப வரவழைத்து, பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி கார்புரேட்டரையே மாட்டி அனுப்பினார்கள்.

மனம் வெறுத்த பெண்டிக்ஸ், காப்புரிமைகளை ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குக் கொடுத்தது. பாஷ் அவசரப்படவில்லை. பத்து வருடம் உட்கார்ந்து சரிசெய்து, 1967ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் தன்னுடைய டி-ஜெட்ரானிக்கைப் பொருத்தி அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஓடியது. அது கம்ப்யூட்டர் அல்ல, வெறும் டிரான்சிஸ்டர் சுற்று. ஆனாலும் இன்றைய பெட்டிக்குத் தாத்தா அதுதான்.

அடுத்து ஒரு மூக்கு வேண்டியிருந்தது. புகையை மோந்து பார்த்து, கணக்கு டேலியா இல்லையா என்று சொல்லும் மூக்கு. அதையும் பாஷ்தான் செய்தது. லாம்டா சென்சார். 1976ல் வால்வோ, கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் அதைப் பொருத்தியது. புகைக்குழாயில் ஆக்சிஜன் குறைந்தால் சுமார் 0.9 வோல்ட். கூடினால் 0.1. அந்தச் சின்ன மின்சாரத்தைப் பார்த்துப் பெட்டி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி மோந்து பார்க்கும். இன்றைக்கும் எல்லா பெட்ரோல் காரிலும் இதுதான் நடக்கிறது.

மூளை? அது ஜப்பானிலிருந்து வந்தது. ஃபோர்டு கம்பெனிக்காக டோஷிபா 12 பிட் மைக்ரோபிராசசர் ஒன்றை 1973ல் செய்துகொடுத்தது. இன்டெல் தன் முதல் மைக்ரோபிராசசரை விற்க ஆரம்பித்து இரண்டே வருடம் ஆகியிருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால்தான் இதன் வீரியம் புரியும். மேஜைமேல் வைக்கக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், மைனஸ் 40 டிகிரி குளிரிலும் எஞ்சின் பக்கத்துச் சூட்டிலும் வேலை செய்யும் கம்ப்யூட்டரைக் காருக்குள் வைக்கத் துணிந்தார்கள். துணிந்தார்கள் என்ன, சட்டம் துணிய வைத்தது. 1978ல் ஃபோர்டின் லிங்கன் வெர்சேல்ஸ் அதோடு வந்தது. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய அத்தனையிலும் கம்ப்யூட்டரை வைத்துவிட்டது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் நுழையும் முன்பே, தெரியாமலேயே லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு இந்த அலை ரொம்ப லேட். 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கிலும் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 1999 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒரு போடு போட்டது. தலைநகர்ப் பகுதியில் யூரோ 2 தரத்துக்குக் குறைந்த தனியார் கார்களை 2000 ஏப்ரல் முதல் பதிவு செய்யவே கூடாது. கம்பெனிகள் ஐந்து வருடம் டைம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் கோர்ட் ஒரு வருடம்கூடத் தரவில்லை. மாருதி 800 கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு எம்பிஎஃப்ஐ ஆனது அந்தச் சமயத்தில்தான். டீசல் ஜீப் வகையறாக்கள் இன்னும் சில வருடம் தப்பித்தன. காமன் ரயில் எஞ்சின் வந்ததும் அவற்றுக்கும் பெட்டி மாட்டியாகிவிட்டது.

சரி, எஸ்யூவிக்கு வருவோம்.

1984 மாடலாக வந்த ஜீப் செரோக்கி. இன்றைய எஸ்யூவிகளின் முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். லாரி மாதிரி தனிச் சட்டம் வைத்து அதன்மேல் கூடு வைக்காமல், கார் மாதிரி ஒரே உடம்பாகச் செய்த வண்டி. தயாரித்தது அமெரிக்கன் மோட்டார்ஸ். அப்போது அந்தக் கம்பெனியில் பிரான்ஸின் ரெனால்டுக்குப் பெரிய பங்கு. எஞ்சின் கம்ப்யூட்டர் வேண்டும் என்றபோது, ரெனால்ட் ஏற்கெனவே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து செய்துகொண்டிருந்த ரெனிக்ஸ் பெட்டியையே கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டாளி யார் தெரியுமா?

பெண்டிக்ஸ். 1958ல் முப்பத்து சொச்சம் காரோடு மூக்குடைபட்ட அதே பெண்டிக்ஸ்.

இந்தமுறை பெட்டி உழைத்தது. 1987 முதல் 1990 வரை நாலு லிட்டர் எஞ்சினோடு வந்த செரோக்கிகளில் ரெனிக்ஸ்தான். அதில் செக் எஞ்சின் விளக்கு கிடையாது. தப்பு நடந்தால் குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. எனவே ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் முதல் சந்தேகம் பெட்டிமேல்தான் விழும். கழற்றுவார்கள், வேறு மாட்டுவார்கள், வண்டி அப்படியே நிற்கும். பல சமயம் கோளாறு வேறு இடத்தில். கியர்பாக்ஸ் தலைப்பகுதியில் உட்கார்ந்து எஞ்சின் சுற்றுவதை எண்ணிச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் ஊமையாகியிருக்கும். அல்லது, எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். தப்பான தகவலை வாங்கிக்கொண்டு மூளை என்ன முடிவெடுக்கும்?

இது செரோக்கிக்கு மட்டும் சொன்னதல்ல. எந்தப் பழைய வண்டியானாலும் பெட்டியைக் குற்றம் சொல்வது கடைசியில் வரவேண்டிய காரியம். பாட்டரி வோல்டேஜ், பெட்டிக்கு வரும் கரன்ட், எர்த், சென்சார்களுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட். முதலில் இவை. அந்த 5 வோல்ட் லைனில் ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தால்கூடப் பெட்டி செத்த மாதிரி நடிக்கும். இன்னொன்று மோசம். ஷார்ட் ஆன ஒரு இக்னிஷன் காயிலோ, இஞ்செக்டரோ பெட்டியை எரித்திருக்கும். அதைப் பார்க்காமல் புதுப்பெட்டியை மாட்டினால் சாவியைத் திருப்பியதும் அதுவும் போச்சு. இரண்டு பெட்டி காசு.

நிஜமாகவே செத்துப்போகிற பெட்டிகளும் உண்டு. 1990களின் ஆரம்பத்தில் வந்த மிட்சுபிஷி வண்டிகள், பஜேரோ உள்பட, இதற்குப் பேர் போனவை. போர்டில் இருக்கும் கெபாசிட்டர்கள் வயதாகிக் கசியும். உள்ளே இருக்கும் திரவம் செம்புப் பாதைகளைத் தின்றுவிடும். மூடியைத் திறந்தாலே மீன் வாடை அடிக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் சில ரூபாய் கெபாசிட்டரைப் போட்டு, அரித்த பாதையைக் கம்பியால் இணைத்துப் பெட்டியைப் பிழைக்க வைத்துவிடுவார். ரொம்ப நாள் விட்டுவிட்டால் போர்டே கரைந்திருக்கும். சில கம்பெனிப் பெட்டிகளில் இந்த வைத்தியமும் நடக்காது. ஈரம் புகாமலிருக்க உள்ளே பிசின் மாதிரி ஊற்றி மூடியிருப்பார்கள்.

ரெனிக்ஸ் காலத்தில் மாற்றுவது சுலபம். பழைய இரும்புக் கடையில் அதே பார்ட் நம்பர் கிடைத்தால் போதும். பாட்டரியைக் கழற்று, பிளக்கைப் பிடுங்கு, புதுசைச் சொருகு, சாவியைத் திருப்பு. அந்தப் பெட்டிக்குத் தான் எந்த வண்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது.

பிறகு தெரிய ஆரம்பித்தது.

கார் திருட்டு ஐரோப்பாவில் தலைவிரித்தாடிய சமயம். புது வண்டிகளில் இம்மொபிலைசர் கட்டாயமானது. 1998ல் ஐரோப்பா முழுக்க. சாவிக்குள் ஒரு சிப், பெட்டிக்குள் ஒரு ரகசிய எண், இரண்டும் பேசி ஒத்துப்போனால்தான் பெட்ரோல் வரும். ஜீப்பும் 1990களின் கடைசியில் அந்த வழிக்கு வந்தது. பெட்டியைப் பக்கத்து வண்டியிலிருந்து எடுத்து மாட்டிப் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இரண்டு நொடி. பிறகு அணைந்துவிடும். அந்த இரண்டு நொடி சந்தோஷத்தில் எத்தனை மெக்கானிக்குகள் ஏமாந்திருப்பார்கள்! வண்டி நம்பரை எழுதவேண்டும், கிலோமீட்டரை எழுதவேண்டும், ரகசிய எண்ணைச் சேர்க்கவேண்டும். எழுதும் கருவி யாரிடம்? கம்பெனியிடமும் அது அனுமதித்த டீலரிடமும்.

திருடனுக்குப் போட்ட பூட்டு. ஆனால், வண்டிக்காரரும் மரத்தடி மெக்கானிக்கும் அதற்கு வெளியே நின்றார்கள்.

சண்டை பெரிதானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். டீலருக்குத் தரும் ரிப்பேர் தகவலைத் தனி மெக்கானிக்குக்கும் தரவேண்டுமா? ஏகப்பட்ட மெஜாரிட்டியில் வேண்டும் என்றார்கள். 2014 ஜனவரியில் கார் கம்பெனிகள் இறங்கிவந்து நாடு முழுக்க அதையே ஒப்புக்கொண்டன. ஆனால், தகவல் வேறு, மென்பொருள் வேறு. பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமைத் தொட 1998ம் வருடத்து டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் விடாது. சினிமா டிவிடி திருட்டைத் தடுக்க வந்த சட்டம். அதைக் கொண்டுவந்து டிராக்டருக்கும் ஜீப்புக்கும் பொருத்தினார்கள். வண்டி உன்னுடையது, அதன் மென்பொருளை ஓட்டுவதற்கு உனக்கு இருப்பது மறைமுகமான ஓர் அனுமதி மட்டும்தான் என்ற ரீதியில் ஜான் டியர் கம்பெனி காப்புரிமை அலுவலகத்தில் வாதாடியது. காசு கொடுத்து வாங்கிய விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும்?

2015 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பும் கம்பெனிகள் பக்கமே நின்றது. பெட்டியைத் திறந்துவிட்டால் ஜனங்கள் புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவார்கள் என்று கடிதம் எழுதியது. நியாயமான பயம்தான். பவர் கூட்ட அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அதே அமைப்பு ஃபோக்ஸ்வேகன்மேல் குற்றம் சாட்டியது. டீசல் கார்களின் பெட்டிக்குள் கம்பெனியே ஒரு தில்லுமுல்லு புரோகிராம் எழுதி வைத்திருந்தது. பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் நல்ல பிள்ளை. ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடைக் கொட்டு. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். நவம்பரில் டுவாரெக் எஸ்யூவியும் பட்டியலில் சேர்ந்தது. புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்த பெட்டி, அதை மறைக்கும் பெட்டியாகியிருந்தது. பூட்டு போட்டிருந்ததால் வெளியாள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. வட்டமான அந்த மோசடியை வெளிக்கொண்டுவரக் காரணமானவர்கள், ஓடும் கார்களின் புகைக்குழாயில் கருவி மாட்டி அளந்த வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

அக்டோபரில் காப்புரிமை விலக்கு கிடைத்தது. தன் வண்டியைப் பரிசோதிக்க, ரிப்பேர் செய்ய, உரிமையாளர் மென்பொருளைத் தொடலாம். ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய விலக்கு அது.

2020ல் மாசசூசெட்ஸ் மறுபடி ஓட்டுப் போட்டது. இப்போது வண்டிகள் காற்றுவழியாகவே கம்பெனிக்குத் தகவல் அனுப்புகின்றன, அதுவும் வேண்டும் என்றார்கள். நான்கில் மூன்று பேர் ஆதரவு. அதே மாதம் கார் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். நடுவே 2021ல் சிப் தட்டுப்பாடு வந்து, புது வண்டிகளே பெட்டிக்கு மூளையில்லாமல் கம்பெனி மைதானங்களில் வரிசையாக நின்றன. பழைய இரும்புக் கடைகளில் கிடந்த ரெனிக்ஸ் பெட்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. பிளக்கைச் சொருகினால் அவை அப்போதும் ஓடின.